பெயர் ஒட்டும் வரை

அக்கா என் வீட்டோடு வந்துவிடப் போவதாகச் சொன்னபோது நான் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நான் வேலை பார்ப்பது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில். பக்கத்தில் இருப்பவர் எதிரே வரும் பேருந்தைக் குறி பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்போது, "கொஞ்சம் இடது பக்கம் திருப்பலாமே" என்று நிதானமாகச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்த நிதானமெல்லாம் வண்டிக்குள்தான். வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, என்ன உளறுகிறாய் என்று கேட்டேன்.

உளறவில்லை என்றாள். நிச்சயமும் இல்லை என்றாள். சனிக்கிழமை மாலைதான் தெரியுமாம்.

விஷயத்தை அவள் வாயிலிருந்து பிடுங்குவதற்குள் தேநீர் ஆறி அவலாகிவிட்டது. நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் ஓர் ஓவியக் கூடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுப்பார்கள்; இரண்டுக்கும் நடுவில் ஏதாவது செய்ய நினைக்கிறவர்கள் மாடிக்குப் போகலாம். வருடத்துக்கு ஒருமுறை அங்கே உள்ளூர்க்காரர்கள் பொழுதுபோக்காக வரைந்த படங்களைக் கண்காட்சியாக மாட்டுவார்கள். இந்த வருடம் வந்த படங்களில் அக்காவின் படம் ஒன்றும் தேறியிருக்கிறது.

அக்கா படம் வரைவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நூலகத்தில் நடக்கும் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாளாம். அத்தானுக்குத் தெரியாமலா என்று கேட்டேன். சொல்லிவிட்டுத்தான் போனாளாம். அவர் "ம்" என்றாராம். வண்ணங்களும் தூரிகையும் வாங்கி வந்து காட்டியபோதும் "ம்". கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றபோதும் அதே "ம்"தான், சற்று நீளமாக.

அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டிலிருந்தபடியே பல் கட்டி, மேலும் கீழும் பொருந்துகிறதா என்று பூட்டிப் பார்த்து, பளபளப்பாக்கி அனுப்புவார். வீட்டுக் கூடத்து ஜன்னலை ஒட்டி அவர் மேஜை. வெளிச்சம் முக்கியம் என்பதால் ஜன்னலைப் பார்த்து உட்காருவார். வெளிச்சம் மங்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அதே கூடத்தில்தான் அக்கா அச்சுகளைக் கழுவுவாள், அச்சில் ஊற்ற மாவு குழைப்பாள், பற்களை நிறம் பார்த்துப் பிரித்துவைப்பாள். தங்கமான மனிதர் என்று ஊரே சொல்லும். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கோபம்கூடக் கிடையாது. இருக்கிறாரா என்பதே அரைக்கிற இயந்திரம் கிர்ர் என்றால்தான் தெரியும். பேச்சு என்று வாயைத் திறந்தால் அடுத்தவர் வாயைப் பற்றித்தான் பேசுவார்.

அக்கா வைத்த நிபந்தனை இதுதான். கண்காட்சியின் முதல் நாள் எந்தப் படத்தின் கீழும் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். முன்பெல்லாம் பெயரோடுதான் மாட்டினார்களாம். வரைந்தவரின் குடும்பம் பட்டாளமாக வந்து, அவர் படத்தின் முன்னால் மட்டும் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு, மற்ற படங்களை ஏறிட்டும் பார்க்காமல் போய்விடுமாம். அதனால் இந்த ஏற்பாடு. முதல் நாள் சாயங்காலம் கூடத்தை மூடுவதற்குச் சற்று முன்புதான் பெயர்களை ஒட்டுவார்கள். அதற்குள் அவளுடைய படம் எது என்று அத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் அவரோடு வீட்டுக்குப் போவாள். இல்லையென்றால் என்னோடு வருவாள், திரும்பிப் போவதற்கு இல்லை.

இதெல்லாம் ஒரு காரணமா, ஊர் சிரிக்காதா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நான் வீட்டுல இருக்கேன்னு அவருக்குத் தெரியும்டி. யாரு இருக்கான்னு தெரியுமா? அதைத்தான் பாக்கணும்."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. அக்கா அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் அலமாரியில் இருந்த டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்க ஆரம்பித்தாள்.

அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. அக்கா என்றால் எனக்கு உயிர். அது வேறு. நான் கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருப்பவள். எந்த டப்பா எங்கே இருக்க வேண்டும் என்பது என் இஷ்டம். ஆகவே அத்தான் ஜெயிக்க வேண்டும் என்று இந்த உலகத்திலேயே அதிகமாக ஆசைப்பட்டவள் நான்தான். நிபந்தனை என்ன என்பதை அவரிடம் மூச்சு விடக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டாள். எது உன் படம் என்று எனக்காவது சொல் என்றேன். உன் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று மறுத்துவிட்டாள்.

சனிக்கிழமை இருவரையும் நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். அத்தான் சலவைச் சட்டை போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். அங்கே என்னுடைய படம் ஒன்று இருக்கிறது, எது என்று நீங்கள் சொல்ல வேண்டும் என்று அக்கா அவரிடம் சொல்லியிருந்தாள். ஏதோ விளையாட்டு என்று அவரும் சம்மதித்திருந்தார். வழியில் சாலையோரப் பற்பசை விளம்பரம் ஒன்றைப் பார்த்து, அந்தப் பெண்ணின் பற்கள் சொந்தப் பற்கள் அல்ல என்று எங்களுக்குத் தெரியப்படுத்தினார்.

பேர்தான் ஓவியக் கூடம். பழைய கூட்ட அறையில் நாற்காலிகளை எடுத்துவிட்டு வெள்ளையடித்திருந்தார்கள். சுவரில் நெருக்கமாகப் படங்கள். நடுவில் உட்கார நீளமான ஒரு மரப்பலகை. வாசலருகே ஓர் அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாராவது படத்தைத் தொடப் போனால் "கை" என்று ஒரு சொல் சொல்வது அவர் வேலை. அதைத் திட்டுவது மாதிரியும் இல்லாமல் கெஞ்சுவது மாதிரியும் இல்லாமல் சொன்னார். எங்கள் பள்ளியில் இப்படி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா போய்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டாள், கைப்பையை மடியில் வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல. அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, அவர் அலட்சியமாகப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது. மலை, கடல், பூச்சாடி, படகு எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார். அவற்றில் வாய் இல்லை. வாய் இருந்தும் மூடியிருந்தவர்கள் அடுத்துத் தள்ளப்பட்டார்கள். என் பெண்டாட்டி இத்தனை வருடம் பல்லோடு புழங்கியிருக்கிறாள், வரைந்தால் வாயைத் திறக்காமல் விடுவாளா என்பது அவர் வாதம். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

மிச்சமிருந்த திறந்த வாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். மாலை போட்ட பெரியவர் ஒருவருக்கு ஒரே பக்கத்தில் கோரைப்பல் இரண்டு என்றார். சிரிக்கிற குழந்தைக்கு அந்த வயதில் அத்தனை பற்கள் முளைத்திருக்காது என்றார். ஒரு குதிரை இருந்தது. அதற்கு வைத்திருப்பது மனிதப் பல், அதுவும் மேல் வரிசையைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். குதிரையை வரைந்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார் என்று நினைக்கிறேன். ஒருவர் விருட்டென்று வெளியே போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவர், கண்ணாடி மறுபடியும் மங்கிவிட்டதென்று ஓரிடத்தில் நின்றார். கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து, காரியமே கண்ணாக. அவர் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, சுவரில், ஒரு மனிதர் எங்களுக்கு முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

பெரிய படம்தான். பனியன் போட்ட முதுகு. வலது தோள் இடதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. பனியனின் ஒரு பட்டை சரிந்து கிடந்தது. பின்கழுத்தில், சட்டை போட்டாலும் காலருக்கு மேலே தெரிகிற இடத்தில், ஒரு மச்சம். உச்சந்தலையில் வட்டமாக முடி கொட்டிய இடம். அதன் மேல் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது. மேஜை இல்லை, ஜன்னல் இல்லை, வேறு எதுவுமே இல்லை. முதுகை மட்டும், ஒவ்வொரு மடிப்பாக, அவசரமே இல்லாமல் வரைந்திருந்தாள்.

சுவரில் ஒரு முதுகு, அதற்கு முன்னால் சட்டை போட்ட அதே முதுகு. அதே தோள், அதே மச்சம், அதே வட்டம். நாற்காலி அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கல்லூரிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒருவரையொருவர் கிள்ளினார்கள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இன்னும் அழுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று தோன்றியதும் அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

சத்தியம் நிபந்தனையைச் சொல்ல மாட்டேன் என்றுதானே. ஜாடை காட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் போய், "அத்தான், இதைக் கொஞ்சம் நல்லா பாருங்களேன்" என்றேன்.

பார்த்தார். மரியாதைக்காகச் சற்று நேரம் பார்த்தார். முகம் வரையத் தெரியாதவர்கள் இப்படித்தான் ஆளைத் திருப்பி உட்கார வைத்துவிடுவார்கள் என்றார். ஏதோ வேலை செய்கிற ஆள் போல இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்தேன். வேலையா, உட்கார்ந்தபடியே தூங்குகிறான் என்றார். வீட்டில் இருக்கிற ஆள் மாதிரி இல்லையா என்றேன். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? பலகை எங்களுக்குப் பின்னால் கூப்பிடு தூரம்கூட இல்லை. அக்காவின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது.

"பாவம், சொட்டை வேற" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தன் தலையில் அந்த வட்டம் விழுந்திருப்பதே தெரியாது. முன்பக்கம் அடர்த்தியாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கிறார். முடி வெட்டுகிறவரும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தன் முதுகை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? பள்ளியில் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவதே பின்னால் பார், பின்னால் பார் என்றுதான். அதற்காவது வண்டியில் கண்ணாடி இருக்கிறது.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது வாசலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு படத்தை. வயதான ஒரு பெண் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அதற்கு முன்னால் நிறுத்தினார். அவர் அவள் கையைப் பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இதுதான் உன்னுது. கீழ் வரிசையில பாரு, ரெண்டாவது பல்லு லேசா திரும்பியிருக்கு. சும்மா வரையறவங்க எல்லாத்தையும் நேரா வெச்சிடுவாங்க. இதைக் கவனிக்க என்கூட வேலை பாத்திருக்கணும்."

சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் முகமும் ஒரு கணம் இளகியது. நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா என்று கேட்டாள். இதிலென்ன யோசிக்க இருக்கிறது, பல்லே சொல்கிறதே என்றார். சரி, பெயர் ஒட்டட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இன்னும் நேரம் இருக்கிறது, வேறு ஏதாவது பார்க்கலாமே என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். படம் பார்க்க வந்தவர்களிடம் இது என் வீட்டில் வரைந்தது என்றுகூட இரண்டு பேரிடம் சொல்லிவிட்டார். அதில் ஒருவர்தான் அதை வரைந்தவர். மீன் தொட்டி விற்கிறவர். என் அம்மாவையா என்று அவர் முழி முழியென்று முழித்தார்.

நாற்காலி அம்மாள் பெயர் அட்டைகளை ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு படத்தின் கீழும் நின்று, எண்ணைச் சரிபார்த்து, நிதானமாக ஒட்டினார். சிரிக்கிற பெண்ணின் கீழே மீன் தொட்டிக்காரரின் பெயர் விழுந்ததும் அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு, அப்படியானால் உன்னுடையது எது என்று தேடிக்கொண்டு அந்த அம்மாளின் பின்னாலேயே நடந்தார். நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

முதுகின் கீழே அட்டை ஒட்டப்பட்டது. மேலே அக்காவின் பெயர். அதற்குக் கீழே அவள் படத்துக்கு வைத்த பெயர்: தெரிந்தவர்.

அத்தான் அட்டையைப் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார். இப்போது அவர் முதல் தடவையாக அந்தப் படத்தை உண்மையிலேயே பார்த்தார். பூட்டிப் பார்த்த பல் செட்டில் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பதுபோல, அங்குலம் அங்குலமாக. பனியன் மடிப்பு, தோளின் சரிவு, காதுக்குப் பின்னால் இருந்த இரண்டு நரைமுடி. அவருக்கு வேர்த்துவிட்டது. என்னைத் தனியாக ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"யாரும்மா இவன்?"

நான் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"கழுத்துல இருக்கிற மச்சம்வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "பனியனோட உக்காந்திருக்கான். எத்தனை நாள் பாத்திருந்தா இப்படி வரைய முடியும்? உனக்குத் தெரியும்ல? மறைக்காத."

கோபமே இல்லாத மனிதர் என்றேனே. அவர் கோபப்பட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் தன் மேலேயே. சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. மனிதருக்கு வலிக்கிறது என்று தெரிந்தது. அவருக்கு வலிக்கும் என்றே அதுவரை நான் நினைத்ததில்லை. என்னால் பதில் சொல்ல முடியாது, போய் அவளையே கேளுங்கள் என்றேன்.

நேராகப் பலகைக்குப் போனார். அக்கா எழுந்திருக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் அவரவர் பார்த்துக்கொண்டிருந்த படங்களை முன்னைவிட உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அந்த ஆளை எங்க பாத்த?" என்றார்.

"வீட்டுலதான்."

"நம்ம வீட்டுலயா? நான் இருக்கும்போதா?"

"நீங்க இருக்கும்போதுதான். உங்களுக்குப் பின்னாடி உக்காந்துதான் வரைஞ்சேன்."

வண்ணத்தின் வாசனைகூட வரவில்லையே என்றார், ஏதோ அதுதான் முக்கியம் என்பதுபோல. ஈறு செய்கிற உங்கள் திரவத்தின் நெடியில் வேறு எந்த வாசனை வரும் என்று அக்கா கேட்டாள். அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அவனை எவ்வளவு நாளா பாக்குற?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து" என்றாள் அக்கா. "தினமும். வேற என்னத்தைப் பாக்க விட்டீங்க?"

அத்தான் படத்தைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பிறகு அவருடைய வலது கை மெதுவாக எழுந்து, தலைக்குப் பின்னால் போய், உச்சந்தலையைத் தொட்டது. விரல்கள் அந்த வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றின. நாற்காலி அம்மாள் இன்னொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகுதான் அக்கா நிபந்தனையை அவரிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. இன்றைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன், உங்கள் துணிமணியெல்லாம் மடித்து வைத்திருக்கிறேன் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"பாடம் எதுன்னு சொல்லாம பரீட்சை வெச்சா எப்படி?" என்றார் கடைசியில்.

"சொல்லிட்டு வெச்சா நீங்க பாஸ் பண்ணிடுவீங்களே."

யாரோ விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் கீழே இறங்கி வந்துவிட்டோம்.

திரும்பும்போது பற்பசை விளம்பரம் வந்தது, போனது. எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். இவரிடம் வாயைத் திறந்து கேட்டுத் தொலைத்திருக்கலாம் என்று அவள் மேல். ஒரே ஒரு தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கலாம் என்று இவர் மேல். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தினேன். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. அத்தான் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தினார். அக்கா பின்னிருக்கையில் அசையாமல் இருந்தாள். அவர் வீட்டைப் பார்க்கத் திரும்பி ஓர் அடி வைத்தார். நின்றார். கை மறுபடியும் உச்சந்தலைக்குப் போனது.

பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். குப்பைத் தொட்டியில் இடித்துக்கொண்டார். ஒரு செருப்பு கழன்றது. அதை விட்டுவிட்டு நடந்தார். படி எங்கே என்று காலாலேயே தடவித் தடவி ஏறினார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அக்காவுக்கு அந்த முதுகை இன்னொரு முறை காட்டக் கூடாது என்று இருந்தார்.

"வண்டியை எடு" என்றாள் அக்கா.

எடுத்தேன். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி அணைந்தது. நீயெல்லாம் யாருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாய் என்றாள். சில நாள் எனக்கே வராது என்றேன்.

அத்தானின் முதுகு வீட்டுக் கதவில் போய் முட்டியது. கதவைத் திறக்க வேண்டும். திறக்க வேண்டுமானால் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கையைப் பின்னால் கொண்டுபோய், பூட்டின் துவாரத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். சாவி கதவில் உரசுகிற சத்தம் வண்டிக்குள் கேட்டது. தெருவிளக்கின் வெளிச்சம் அவர் முகத்தின் மேல் நேராக விழுந்தது. பல் இடுக்கில் மயிரிழை நுழைக்கிற கை அது. அன்றைக்கு ஒரு பூட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள். வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் புருவம் எப்போடி நரைச்சுது?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும், நீதானே கூட இருக்கிறாய் என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று.

அவள் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"நானும்தான் பாக்கலை" என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வழியில் கிடந்த செருப்பைத் தாண்டி, படியேறி, அவர் முன்னால் போய் நின்றாள். சாவியை வாங்குவாள் என்று நினைத்தேன். வாங்கவில்லை. அவர் முகவாயைப் பிடித்து, விளக்குப் பக்கமாகச் சற்றே திருப்பினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அசையாம நில்லுங்க" என்றாள்.

அவர் அசையாமல் நின்றார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.